எங்கிருந்து வந்தது?

ஆங்கிலம் படித்த நம்மவர்களுக்கு அந்தப் பாஷையின் பெரிய சொற்களிடம் பயம் கிடையாது. முழ நீளத்துக்கு ஒரு லத்தீன் சொல் வந்தால் அகராதியைப் புரட்டி, மனப்பாடம் செய்து, மறுநாளே மேடையில் எடுத்து வீசிவிடுவோம். நம்மைத் தடுக்கி விழச் செய்பவை சின்னச் சொற்கள்தாம். 'கம்', 'கோ', 'கெட்', 'புட்' என்று குழந்தைகூடச் சொல்லும் வினைகள். அவற்றின் பின்னால் வாலாக ஒட்டிக்கொள்ளும் 'அப்', 'அவுட்', 'ஆஃப்', 'ஃப்ரம்'. 'கிவ்' என்றால் கொடு, 'அப்' என்றால் மேலே. இரண்டும் சேர்ந்தால் 'கைவிடு' என்று ஆகிவிடுகிறது. கொடுப்பதும் இல்லை, மேலே போவதும் இல்லை. இந்தச் சேர்க்கைக்கு இலக்கணக்காரர்கள் 'பிரேசல் வெர்ப்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் கூட்டுவினை என்று வைத்துக்கொள்வோம்.

இந்தக் கூட்டுவினைகளில் ஒரு சிறு குடும்பத்தைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். ஒரு பொருளோ, ஒரு மனிதனோ, ஒரு வழக்கமோ எங்கிருந்து வந்தது என்று சொல்லுகிற குடும்பம் அது. 'கம் ஃப்ரம்', 'ஸ்ப்ரிங் ஃப்ரம்', 'டெரைவ் ஃப்ரம்', 'டிஸெண்ட் ஃப்ரம்', 'ஹெயில் ஃப்ரம்', 'ஸ்டெம் ஃப்ரம்', 'டேட் ஃப்ரம்' என்று அதில் பலர் உண்டு. கறாரான இலக்கணப் பேர்வழிகள் இவற்றில் பாதியைக் கூட்டுவினைப் பந்தியிலேயே உட்காரவைக்க மாட்டார்கள். கதை எழுதுகிறவனுக்கு அவ்வளவு கறார் வேண்டியதில்லை. பரீட்சைத் தாளில் எல்லாவற்றையும் 'இருந்து வந்தது' என்று மொழிபெயர்த்துவிட்டால் மார்க்கு கிடைத்துவிடும். ஆனால் ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் ஒரு பழைய காட்சி கிடக்கிறது. அந்தக் காட்சி சும்மாவும் கிடக்கவில்லை. ஒரு காலத்தில் அது சட்டமாகி, பெற்ற தகப்பனின் சொத்தையே தடுத்திருக்கிறது. நம் காலத்தில் சிலரைப் பிறந்த நாட்டிலேயே வெளியூர்க்காரராக நிறுத்தியும் இருக்கிறது.

முதலில் தண்ணீர். லத்தீனில் 'ரீவுஸ்' என்றால் ஓடை. 'டெரிவாரே' என்றால் ஓடையிலிருந்து வாய்க்கால் பிரித்துத் தண்ணீரைக் கொண்டுபோவது. பிரெஞ்சுக்காரர்கள் வாய் வழியாக இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்த 'டெரைவ்' இதுதான். ஒரு சொல் இன்னொரு சொல்லிலிருந்து 'டெரைவ்' ஆகிறது என்று பண்டிதர் எழுதும்போது, அவர் அறியாமலே மண்வெட்டியைக் கையில் பிடித்து மடை திறக்கிறார். அதே 'ரீவுஸ்' பெற்ற இன்னொரு பிள்ளை 'ரைவல்'. போட்டியாளன், எதிரி என்று இன்றைக்குப் பொருள். ஆதியில் ஒரே ஓடைத் தண்ணீரைப் பங்கு போட்டுக்கொள்ளும் அண்டை வயல்காரன் என்றுதான் பொருள். ஒரே வாய்க்காலில் பாய்ச்சுகிற இருவர் ஏன் எதிரிகள் ஆகவேண்டும் என்று ஆங்கில மாணவனுக்கு வாத்தியார் விளக்கிச் சொல்லவேண்டியிருக்கும். காவிரிக் கரையில் யாருக்கும் அதை விளக்கவேண்டியதில்லை.

'டெரைவ்' படித்தவர் சொல். அதே காட்சிக்குக் குடியானவன் வைத்திருந்த சொல் 'ஸ்ப்ரிங்'. துள்ளுவது, குதிப்பது என்று அதற்கு அர்த்தம். பூமியைப் பிளந்துகொண்டு தண்ணீர் துள்ளி வந்தால் அது ஊற்று, அதுவும் 'ஸ்ப்ரிங்'. குளிர் காலம் போய்த் தளிர் துள்ளிக்கொண்டு வெளியே வந்தால் அது வசந்தம், அதுவும் 'ஸ்ப்ரிங்'. ஆக, 'ஸ்ப்ரிங் ஃப்ரம்' என்று சொல்லும்போது பிறக்கிற பொருள் தானாகவே எழுந்து வருகிறது. 'டெரைவ்' என்றால் யாரோ ஒருவன் வெட்டிவிட்டுத்தான் அது வரவேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு நாட்டின் சரித்திரமே கிடக்கிறது.

அந்தச் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய ஆங்கிலத்தில் 'அவுட்', 'அப்' போன்ற துணைச் சொற்கள் பெரும்பாலும் வினைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருந்தன. 865ஆம் வருஷம் டேனிஷ்காரர்களின் பெரும்படை வந்து இறங்கியது. வந்தவர்களில் பலர் கொள்ளையடித்துவிட்டுத் திரும்பிப் போகவில்லை. இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் நிலத்தைப் பிடித்துக் குடியேறினார்கள். அவர்கள் பேசிய நார்ஸ் பாஷையும் ஆங்கிலமும் ஏறக்குறைய அக்காள் தங்கை. சந்தையிலும் வயலிலும் இரண்டும் கலந்தன. அந்த நார்ஸில் துணைச் சொல் வினைக்குப் பின்னால் தனியாக நிற்பது வழக்கம். ஆங்கிலத்திலும் அது மெல்ல மெல்லப் பின்னால் நகர்ந்ததற்கு இந்தச் சேர்க்கையும் ஒரு காரணம் என்று சொல்லுகிறார்கள். 1154ஆம் ஆண்டோடு முடிகிற பீட்டர்பரோ மடத்து நாளாகமத்தில் ஸ்டீபன் ராஜாவைப் பற்றி ஒரு சங்கதி வருகிறது. அவர் சில பிஷப்புகளைப் பிடித்து, அவர்கள் தங்கள் கோட்டைகளை ஒப்படைக்கிறவரைக்கும் சிறையில் வைத்திருந்தாராம். ஒப்படைப்பதற்கு அந்தத் துறவி எழுதியிருப்பது நம்முடைய 'கிவ் அப்'தான். டேனிஷ்காரர்கள் குடியேறிய பிரதேசத்தில் இருந்த மடம் அது.

'ஃப்ரம்' என்பதன் கதை இன்னும் விசித்திரம். அதன் ஆதிப் பொருள் 'முன்னோக்கி' என்பது. நார்ஸில் 'ஃப்ரம்' என்றால் முன்னே என்றே அர்த்தம். முன்னால் நடக்கிறவன் நின்ற இடத்தை விட்டு விலகித்தானே ஆகவேண்டும்? அதனால் முன்னோக்கிப் போவதைச் சொன்ன சொல், விட்டு வருவதைச் சொல்லும் சொல்லாயிற்று. நம் தமிழில் இந்த இடத்தை நிரப்புவது 'இருந்து'. 'மரத்திலிருந்து பழம் விழுந்தது' என்கிறோம். பழம் முதலில் மரத்தில் இருந்தது. இருந்துவிட்டுப் பிறகு விழுந்தது. இலக்கணம் இதை ஐந்தாம் வேற்றுமை நீங்கற்பொருள் என்று சொல்லிவிட்டு அடுத்த சூத்திரத்துக்குப் போய்விடும். எனக்கு என்னவோ இந்தச் சொல்லை நினைக்கும்போதெல்லாம், புறப்படுவதற்கு முன் திண்ணையில் சற்று உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்கிற மனிதர்தான் நினைவுக்கு வருகிறார். ஆங்கிலக்காரனின் 'ஃப்ரம்' வாசற்படியில் காலை வைத்தாயிற்று. நம்முடைய 'இருந்து' இன்னும் எழுந்திருக்கவில்லை.

1066இல் நார்மன் வில்லியம் இங்கிலாந்தை ஜயித்தான். அரண்மனையும் நீதிமன்றமும் பிரெஞ்சு பேசத் தொடங்கின. கோயிலும் கல்வியும் லத்தீனில் நடந்தன. 'கம்', 'ஸ்ப்ரிங்', 'க்ரோ' எல்லாம் மாட்டுத் தொழுவத்துக்கும் அடுப்பங்கரைக்கும் போய்ச் சேர்ந்தன. இன்னார் இன்னாருடைய பிள்ளை என்று ஊரார் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தது, நீதிபதியின் முன்னால் போனதும் 'டிஸெண்ட்' ஆயிற்று. 1362இல் ஒரு சட்டம் வந்தது. மக்களுக்குப் பிரெஞ்சு புரியவில்லை, ஆகையால் இனி வழக்குகளை ஆங்கிலத்தில் வாதிக்கவேண்டும் என்றது அந்தச் சட்டம். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டத்தை எழுதியிருந்தது பிரெஞ்சில்!

இந்த 'டிஸெண்ட்' விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். லத்தீனில் அதற்குக் கீழே இறங்குவது என்று பொருள். வம்சம் என்பது தகப்பனிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு இறங்கி வருகிறது என்பது அந்தச் சொல்லில் உள்ள காட்சி. எல்லாரும் அப்படி நினைத்தவர்கள் அல்ல. வடமொழியில் 'வம்சம்' என்றால் மூங்கில் என்றும் பொருள் உண்டு. கணு மேல் கணுவாக அது மேலே போகிறது. ஆங்கிலச் சட்டக்காரர்களின் வம்சமோ கீழே வந்தது. 13ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சட்டங்களைத் தொகுத்த பிராக்டன் பெயரால் வழங்கும் நூல், உரிமை என்பது கனமான பொருளைப்போலக் கீழ்நோக்கியே விழும், விழுந்த வழியே மறுபடியும் மேலே ஏறாது என்று சொல்லிவிட்டது. கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள்.

ஒரு மகன் தன் சொந்தச் சம்பாத்தியத்தில் நிலம் வாங்குகிறான். கல்யாணமாகாமலோ பிள்ளையில்லாமலோ இறந்துபோகிறான். வீட்டில் வயதான தகப்பனார் இருக்கிறார். நிலம் யாருக்கு? தகப்பனாருக்கு இல்லை. நிலம் கனமான பொருள்; மகனிடமிருந்து தகப்பனிடம் போகவேண்டுமானால் மேலே ஏறவேண்டும்; ஏறாது. அதற்குப் பதிலாக அது பக்கவாட்டில் போகும். சகோதர சகோதரிகள் இல்லையென்றால் தகப்பனாருடைய சகோதரன், அதாவது இறந்தவனின் சித்தப்பாவோ பெரியப்பாவோ எடுத்துக்கொள்வான். 1481இல் காலமான நீதிபதி லிட்டில்டன், நில உரிமை பற்றி எழுதிய தம்முடைய நூலின் ஆரம்பப் பக்கங்களிலேயே இந்த உதாரணத்தைத்தான் சொல்லுகிறார். தகப்பன் ரத்தத்தில் நெருங்கியவன்தான், ஆனாலும் நிலம் சித்தப்பனுக்கே என்கிறார். அதோடு நிறுத்தவில்லை. அந்தச் சித்தப்பனும் பிள்ளையில்லாமல் இறந்துவிட்டால், அப்போது தகப்பன் தன் சகோதரனுக்கு வாரிசு என்ற முறையில் அதே நிலத்தை அடையலாமாம்! மகன் கையிலிருந்து நேரே வாங்கக்கூடாது. தம்பி கை வழியாகச் சுற்றி வந்தால் வாங்கலாம். தம்பி சாகவேண்டும் என்று அண்ணன் தினமும் காத்திருக்க ஒரு சட்டம். கதை எழுதுகிறவர்கள் இதைவிட நல்ல முடிச்சு ஒன்று போட்டுவிட முடியுமா?

18ஆம் நூற்றாண்டில் பிளாக்ஸ்டன் தம் பிரசித்தமான சட்ட வியாக்கியானத்தை எழுதியபோதும் வாரிசுரிமையின் முதல் விதி இதுவாகவே இருந்தது. நிலம் கனமானது என்கிற வாதம் அவருக்கே கூச்சமாகப் பட்டிருக்கவேண்டும். பழைய நிலமானிய முறையின் நியாயங்களைத் தேடி எடுத்து விதிக்கு முட்டுக் கொடுத்தார். அவை உண்மையான காரணங்களாகவே இருக்கலாம். ஒரு பிரபுவின் கீழ் இளைஞன் வாளேந்திச் சேவகம் செய்ய வாங்கிய நிலத்தைக் கிழவருக்குக் கொடுப்பானேன் என்று அந்தக் காலத்துப் பிரபு நினைத்திருப்பான். ஆனால் வாளும் சேவகமும் போய் எத்தனையோ தலைமுறைக்குப் பிறகும் விதி மட்டும் நின்றது. 'இறங்கும்' என்ற சொல் நாக்கில் இருக்கிறவரைக்கும், ஏறாது என்பது யாருக்கும் விபரீதமாகத் தோன்றவில்லை. 1833இல் தான் பார்லிமெண்டு வாரிசுரிமைச் சட்டம் ஒன்று செய்து, தகப்பனாரும் மகனுக்கு வாரிசாகலாம் என்று அனுமதித்தது. பிராக்டன் நூலிலிருந்து எண்ணினால் ஏறக்குறைய 600 வருஷம். அத்தனை காலமும் எத்தனை கிழவர்கள் தம் பிள்ளை உழுத நிலத்தின் வரப்பில் அன்னியனாக நின்றார்களோ!

அதே சொல்லை 1871இல் சார்லஸ் டார்வின் தம் புத்தகத்தின் தலைப்பிலேயே வைத்தார். மனிதனின் 'டிஸெண்ட்' பற்றிய நூல் அது. அதற்கு 11 வருஷம் முன்பே, 1860இல் ஆக்ஸ்போர்டில் நடந்த ஒரு கூட்டத்தில், குரங்கிலிருந்து வந்தது பாட்டனார் வழியிலா பாட்டியார் வழியிலா என்று ஒரு பிஷப் ஹக்ஸ்லியைக் கேலியாகக் கேட்டார் என்று ஒரு கதை பிரசித்தம். அன்று பேசியதைச் சொல்லுக்குச் சொல் எழுதி வைத்தவர் இல்லை. டார்வின் கட்சிக்காரர்கள் சொன்னது, மனிதனுக்கும் இன்றைய குரங்குக்கும் பொதுவான முன்னோர் உண்டு என்பதுதான். ஜனங்கள் காதில் விழுந்தது 'குரங்கிலிருந்து' என்பது. ஒரு 'ஃப்ரம்' சரியான இடத்தில் நிற்காததனால் எழுந்த கூச்சல் இன்றைக்கும் முழுதாக அடங்கிவிடவில்லை.

சட்டக்காரர்கள் இப்படியென்றால் நடைக்காரர்கள் இன்னொரு விதம். பழைய ஆங்கிலத்தில் 'எங்கிருந்து' என்று கேட்க 'வென்ஸ்' என்று ஒரே சொல் இருந்தது. 'இருந்து' அதற்குள்ளேயே அடக்கம். ஜனங்களுக்கு அது போதவில்லை. 'ஃப்ரம் வென்ஸ்' என்று இன்னொரு 'இருந்து' சேர்த்துக்கொண்டார்கள். 1611இல் வெளிவந்த பைபிள் மொழிபெயர்ப்பிலேயே, 121ஆம் சங்கீதத்தில் இந்த இரட்டிப்பு இருக்கிறது. பிற்பாடு 'வென்ஸ்' பேச்சிலிருந்து மறைந்து, 'வேர்' என்பதை முன்னால் வைத்து 'ஃப்ரம்' என்பதைக் கடைசியில் தூக்கிப் போடும் வழக்கம் நிலைத்தது. ஊர் எது என்று கேட்கிற ஆங்கிலக்காரன் இன்றும் வாக்கியத்தை 'ஃப்ரம்' என்றுதான் முடிக்கிறான்.

கவி டிரைடனுக்கு இது பிடிக்கவில்லை. தம் ஆங்கில வாக்கியம் சரிதானா என்று சந்தேகம் வந்தால் அதை லத்தீனில் மொழிபெயர்த்துப் பார்ப்பது உண்டு என்று அவரே எழுதியிருக்கிறார். லத்தீனில் இப்படிப்பட்ட துணைச் சொல் வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்க முடியாது. ஆகவே ஆங்கிலத்திலும் நிற்கக்கூடாது! 1672இல் பென் ஜான்சனுடைய நாடக வாக்கியம் ஒன்றில் இந்தக் குற்றத்தைக் கண்டுபிடித்தார். அதோடு தாமே 1668இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றை 1684இல் மறுபதிப்புக்குக் கொடுத்தபோது, கடைசியில் நின்ற துணைச் சொற்களையெல்லாம் தேடிப் பிடித்து உள்ளே தள்ளினார். அவர் சீர்திருத்திய நடை படிக்க நன்றாகவே இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் பள்ளிக்கூட வாத்தியார்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இருநூறு வருஷத்துக்கு மேல் இங்கிலீஷ் பிள்ளைகள், தாயிடம் கற்ற பாஷையைப் பேசியதற்காகத் திட்டு வாங்கினார்கள். நம் பண்டிதர்கள் சிலரும் கொடுந்தமிழ் என்று மூக்கைச் சுளித்தவர்கள்தாம். ஆனால் அவர்கள்கூட, தமிழ் வாக்கியம் சரியா என்று பார்ப்பதற்கு அதைப் பாரசீகத்தில் மொழிபெயர்த்துப் பார்த்ததில்லை.

சாமுவேல் ஜான்சனை இந்தக் கூட்டத்தோடு சேர்த்துவிடக்கூடாது. லத்தீன் சொற்களில் அவருக்கு மோகம் உண்டு. வலைப்பின்னல் என்ற எளிய சொல்லுக்கு அவர் அகராதியில் கொடுத்த விளக்கத்தைப் படித்தால், மீன் மட்டுமல்ல, வாசகரும் மாட்டிக்கொள்வார். ஆனாலும் 1755இல் வெளிவந்த அந்த அகராதியின் முன்னுரையில் கூட்டுவினைகளைப் பற்றித் தனியாக நின்று பேசுகிறார். வேற்று நாட்டாருக்கு ஆங்கிலத்தில் மிகப் பெரிய கஷ்டம் இதுதான். சிலவற்றில் தனிச் சொல்லின் பொருளிலிருந்து சேர்க்கையின் பொருள் எவ்வளவோ தூரம் போய்விட்டது, எந்த வழியாகப் போயிற்று என்று எந்தக் கெட்டிக்காரனாலும் கண்டுபிடிக்க முடியாது என்று ஒப்புக்கொள்ளுகிறார். ஒப்புக்கொண்டு, வெகு சிரத்தையாக அவற்றைச் சேகரித்தும் வைத்தார். பெரிய பண்டிதர் ஒருவர் தொழுவத்துப் பக்கம் வந்து கணக்கெடுத்தது அதுதான் முதல் தடவை என்று சொல்லத் தோன்றுகிறது.

இனிக் கடலுக்குப் போகலாம். 'ஹெயில்' என்றால் உரக்க அழைப்பது. அதற்கு முன்னே, க்ஷேமமாயிரு என்று வாழ்த்துவது. நார்ஸில் 'ஹெயில்' என்பதற்கு முழுமை, ஆரோக்கியம் என்று பொருள். நடுக்கடலில் இரண்டு கப்பல்கள் சந்தித்தால் ஒன்றின் தலைவன் குழல் வைத்து மற்றதை 'ஹெயில்' செய்வான். என்ன கப்பல், எந்தத் துறைமுகம்? பதில் சொல்லுகிற கப்பல் அந்தத் துறைமுகத்திலிருந்து 'ஹெயில்' செய்வதாக ஆயிற்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் மாலுமிகளின் இந்தப் பேச்சு கரையேறி மனிதர்களுக்கும் பொருந்தலாயிற்று. இன்று நம் நாட்டு ஆங்கிலப் பத்திரிகைகளில் புதுக் கலெக்டர், பரிசு பெற்ற மாணவி, பிடிபட்ட திருடன் எல்லாரும் ஏதாவது ஒரு ஜில்லாவிலிருந்து 'ஹெயில்' செய்துகொண்டிருக்கிறார்கள். சிலர் மரியாதையான குடும்பத்திலிருந்தும் 'ஹெயில்' செய்கிறார்கள். நடுக்கடலில் குழல் ஊதிய மாலுமி இதைக் கேட்டால் பிரமித்துப் போவான்.

கப்பலின் பின்புறத்தில் அதன் பெயரையும் பதிவுத் துறைமுகத்தையும் எழுதிவைக்கவேண்டும் என்பது இன்றும் உள்ள விதி. ஆனால் வரியும் கட்டுப்பாடும் எங்கே குறைவோ அங்கே பதிவு செய்துகொள்ளுவது கப்பல் முதலாளிகளின் வழக்கமாகிவிட்டது. பின்புறத்தில் மன்ரோவியா என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும்; கப்பல் அந்தத் துறைமுகத்தை எட்டிக்கூடப் பார்த்திராது. கடற்கரையே இல்லாத மங்கோலியாகூட 2003 முதல் கப்பல்களைப் பதிவு செய்கிறது. கப்பல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குப் பதில் எழுத்தில் இருக்கிறது. அந்தப் பதிலில் கடல் இல்லை.

மனிதர்களிடம் இதே கேள்வியைக் கேட்கும்போதுதான் சங்கடம் அதிகம். ஆங்கிலத்தில் ஒருவன் தன் ஊரை விட்டு ஐம்பது வருஷம் ஆகியிருந்தாலும், இன்ன ஊரிலிருந்து 'வருகிறேன்' என்று நிகழ்காலத்தில்தான் சொல்லவேண்டும். 'கம்' என்பதை 'கமிங்' ஆக்கினால் இப்போதுதான் ரயிலிலிருந்து இறங்குகிறேன் என்று ஆகிவிடும். நம்மவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். சறுக்குவதில் நியாயம் இருக்கிறது. தமிழில் நாம் ஊரிலிருந்து வாழ்நாள் முழுவதும் வந்துகொண்டிருப்பதில்லை. 'எனக்கு மதுரை' என்கிறோம். 'நான் மதுரைக்காரன்' என்கிறோம். ஊர் நம்மோடு இருக்கிறது. ஆங்கிலக்காரன் எங்கே குடியேறினாலும் அந்தப் பாஷைப்படி இன்னும் வழியில்தான் இருக்கிறான், வந்து சேரவில்லை.

வந்து சேரவிடாமல் செய்யவும் இந்தக் கேள்வி பயன்படும். 2022 நவம்பரில் லண்டன் பக்கிங்காம் அரண்மனையில் ஒரு விருந்து. பிரிட்டனிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெண்மணி ஒருவர், தொண்டு நிறுவனம் நடத்துபவர், அழைப்பின் பேரில் போயிருந்தார். அரண்மனையின் மூத்த உபசார மாது ஒருவர் அவரை எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். வந்தவர் தம் நிறுவனத்தைச் சொன்னார், தம் ஊரைச் சொன்னார். உண்மையில் எங்கிருந்து வருகிறீர்கள், உங்கள் ஜனங்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று கேள்வி விடாமல் தொடர்ந்தது. விஷயம் வெளியே வந்ததும் அந்த மாது பதவியை விட்டு விலகினார். அடுத்த மாதம் இருவரும் நேரில் சந்தித்தபோது மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். கேட்டவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை என்று சிலர் வாதாடினார்கள். இருக்கலாம். கேள்வியில் இருந்த சொற்கள் என்னவோ மிகமிகச் சாதாரணமானவை. ஆங்கிலம் கற்கத் தொடங்குகிற எவரும் முதல் வாரத்திலேயே படிக்கிற சொற்கள். நாமும் இந்த இடத்தில் வெள்ளைக்காரனைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். ரயிலில் எதிரே உட்காருகிறவர் 'சாருக்கு எந்த ஊரு?' என்று தொடங்கி, 'பூர்வீகம்?' என்று போய், 'அங்கே எந்தத் தெரு?' என்று வந்து நிற்கும்போது, அவருக்குத் தெரிந்துகொள்ளவேண்டியது ஊருமல்ல, தெருவுமல்ல என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

மற்ற உறவினர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'டேட் ஃப்ரம்' கடிதத்திலிருந்து வந்தது. ரோமாபுரிக்காரர்கள் கடிதத்தில் 'கொடுக்கப்பட்டது' என்ற பொருளில் 'தாதா' என்று எழுதி, இடத்தையும் நாளையும் குறிப்பார்கள்; கடைசியில் 'கொடுக்கப்பட்டது' என்பதே நாளுக்குப் பெயராகிவிட்டது. பேரீச்சம்பழத்தைக் குறிக்கும் 'டேட்' வேறு. அது விரல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழி. 'ஸ்டெம் ஃப்ரம்' குடும்பத்தின் கடைக்குட்டி. 1930களில் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது. அடிமரம், குலம் என்ற இரு பொருளும் உள்ள 'ஷ்டாம்' என்ற ஜெர்மன் சொல்லை ஒட்டி உண்டானது என்பது அகராதிக்காரர்களின் கணிப்பு. இதே உருவத்தில் வெள்ளத்தைத் தடுத்து நிறுத்துவது என்ற பொருளுள்ள இன்னொரு 'ஸ்டெம்' நெடுநாளாக ஆங்கிலத்தில் உண்டு. அது நார்ஸ் சரக்கு. ஒன்று அணை, ஒன்று மரம். முகம் ஒன்று, ரத்தம் வேறு.

இந்த ரத்த சம்பந்தங்களையெல்லாம் துப்புத் துலக்கி எழுதிவைத்தது ஆக்ஸ்போர்டு பேரகராதி. அதன் முதல் பகுதி 1884இல் வெளிவந்தது. ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரே ஸ்காட்லாந்துக் கிராமத்துத் தையற்காரரின் பிள்ளை. 14 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். தோட்டத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு, உலகெங்கும் உள்ள வாசகர்கள் எழுதி அனுப்பிய சீட்டுகளை அதில் அடுக்கிவைத்து வேலை செய்தார். ஒவ்வொரு சொல்லுக்கும், பொருளைச் சொல்லுவதற்கு முன்பே அது எங்கிருந்து வந்தது என்று அடைப்புக்குறிக்குள் சொல்லிவிடுவது அந்த அகராதியின் முறை.

முதல் பகுதி வந்ததும் ஒரு பத்திரிகையில் அதற்கு மதிப்புரை வெளியாயிற்று. எழுதியவர் ஹென்றி பிராட்லி. ஷெஃபீல்டு நகரத்தில் கத்தி முள்கரண்டி செய்யும் கம்பெனி ஒன்றில் 20 வருஷம் கடிதங்கள் எழுதும் குமாஸ்தாவாக இருந்து, பாஷைகளையெல்லாம் தாமாகவே படித்துக்கொண்டவர். பாராட்டோடு குற்றங்களும் சொல்லியிருந்தார். 'அனிமனி' என்ற பூவின் பெயருக்குக் கிரேக்கத்தில் 'காற்றின் மகள்' என்று பொருள் என அகராதி சொன்னது. அந்த விகுதிக்கு மகள் என்று பொருள் கொள்ள முடியாது என்று பிராட்லி எடுத்துக் காட்டினார். பிறப்பைத் தவறாகச் சொன்னதைப் பிடித்த குமாஸ்தாவை மர்ரே கோபித்துக்கொள்ளவில்லை, வேலைக்கு அழைத்துக்கொண்டார். பிராட்லி பிறகு மர்ரேக்குச் சமமான ஆசிரியராகி, 1915இல் மர்ரே காலமானபோது அவருடைய ஸ்தானத்துக்கும் வந்தார்.

கூட்டுவினைகளுக்கு ஒரு பெயர் இல்லையே என்று கவலைப்பட்ட எழுத்தாளர் லோகன் பியர்சால் ஸ்மித்துக்குப் பெயரை எடுத்துக் கொடுத்தவரும் இந்தப் பிராட்லிதான். ஸ்மித் அதை 1925இல் தம் புத்தகத்தில் அச்சேற்றினார்; பிராட்லி அதற்கு இரண்டு வருஷம் முன்பே காலமாகிவிட்டார். டேனிஷ்காரனும் குடியானவனும் சந்தையில் பேசிப் பேசி உண்டாக்கி, தொழுவத்திலும் அடுப்பங்கரையிலும் பிழைத்து, பண்டிதர்களின் திட்டையெல்லாம் தாங்கி நின்ற சொற்களுக்குக் கடைசியில் கிடைத்த பெயர் 'பிரேசல் வெர்ப்'. அகராதியை எடுத்து, அடைப்புக்குறிக்குள் பார்த்தால், 'பிரேஸ்' கிரேக்கத்திலிருந்து வந்தது என்று போட்டிருக்கும், 'வெர்ப்' லத்தீனிலிருந்து.